மனக்கணக்கும் ஒரு கணக்குத்தான்



இன்றைக்கு நம் கடைவீதியில் இரண்டு வியாபாரிகள் சந்தித்துக்கொண்டால் விலைவாசிப் பேச்சும் வரிப் பேச்சும் அப்புறம்தான். ‘ஆள் நிற்கிறானா?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. சரக்குக் கடனுக்குக் கிடைக்கிறது. லாரி போன் செய்தால் வருகிறது. ஆனால் எடை போட, பில் போட, மூட்டை இறக்க, வசூலுக்குப் போய்வர நம்பிக்கையான ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கிடைத்தவரும் தீபாவளிப் போனஸ் வாங்கிய மறுவாரம் வேறு கடையில் நிற்கிறார். நம் தகப்பனார் காலத்தில் ஒரே கடையில் முப்பது வருஷம் கணக்கெழுதிய கணக்குப்பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது மூன்று வருஷம் இருந்தால் பெரிய விஷயம்.

இதே காலத்தில் நம் வீடுகளில் வேறொரு பேச்சும் நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை பி.காம். சேர்த்துக் கடையில் உட்கார வைக்கலாம் என்று தகப்பன் நினைக்கிறார். பிள்ளையோ ‘சைக்காலஜி படிக்கப் போகிறேன்’ என்கிறது. பட்டப்படிப்பு முடிந்ததும், ‘தொழில், நிறுவன உளவியலில் எம்.எஸ்ஸி. சேரப் போகிறேன்’ என்கிறது. ‘மனசுக்கு ஒரு படிப்பா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போகப் போகிறாய்?’ என்று தகப்பன் கேட்பதும், தாயார் நடுவில் நின்று சமாதானம் செய்வதும் நம் சங்க உறுப்பினர் பலர் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ‘அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கள், இதைப் படித்துவிட்டு மிளகாய் மண்டியில் என்ன செய்ய முடியும்?’ என்று நம்மிடமே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒருவருக்கொருவர் பதில் சொல்வதைவிட நம் இதழிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடையில் ஆள் நிற்காத பிரச்சினையும், பிள்ளை கேட்கும் படிப்பும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள் என்பது நம் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

இது என்ன படிப்பு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநோய்க்கு மருந்து கொடுப்பவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர். மனநோயாளிக்குப் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அதற்குத் தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். நாம் பேசுவது மூன்றாவது வகை. வேலை செய்யும் இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான், ஏன் நடந்துகொள்கிறான் என்று ஆராய்வதுதான் தொழில், நிறுவன உளவியல். இதில் ‘தொழில்’ பகுதி, வேலைக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, வேலையை மதிப்பிடுவது ஆகியவற்றைப் பார்க்கும். ‘நிறுவன’ப் பகுதி ஊக்கம், தலைமை, கூட்டாக வேலை செய்வது, மனநிறைவு, மனக்கசப்பு ஆகியவற்றைப் பார்க்கும்.

முதுகலை என்றால் பொதுவாக இரண்டு வருஷம், நான்கு பருவம். இதைக் கதை கேட்கிற படிப்பு என்று நினைத்துச் சேருகிற பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திகைத்துப் போவார்கள். ஏனென்றால் பாதிக்குப் பாதி கணக்கு. புள்ளியியலும் அளவையியலும் இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை.

அளவையியலை நம் பாஷையில் சொன்னால் எளிதாக விளங்கும். ஒரே மூட்டையை மூன்று தடவை தராசில் வைத்தால் மூன்று தடவையும் ஒரே எடை காட்ட வேண்டும். அதை அவர்கள் ‘நம்பகத்தன்மை’ என்பார்கள். ஆனால் கிலோ எடைக்கல்லே 950 கிராம்தான் இருந்தால்? மூன்று தடவையும் ஒரே எடை வரும். மூன்றும் தப்பாக இருக்கும். எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்று பார்ப்பதை ‘செல்லுபடித்தன்மை’ என்பார்கள். நம் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை வைப்பதைப் போல, மனிதனை அளக்கும் கேள்வித்தாளுக்கும் முத்திரை உண்டா என்று சோதிக்கக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. இதன் பின் வேலைப் பகுப்பாய்வு, ஆள் தேர்வு, பயிற்சி, பணி மதிப்பீடு, வேலைக் களைப்பு, தொழிலாளர் நலன் என்று பாடங்கள் தொடரும். கடைசியில் ஒரு நிறுவனத்துக்குப் போய் நேரில் பார்த்து ஆய்வேடு எழுத வேண்டும்.

எங்கே தோன்றியது?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் 1913இல் தொழில்திறனும் உளவியலும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பாஸ்டன் நகரில் டிராம் வண்டி விபத்துகளைக் குறைக்க, ஓட்டுநரின் கவனத்தைச் சோதிக்கும் முறை ஒன்றை அவர் செய்து பார்த்தார். இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். இன்றைக்கும் நம் ரயில்வேயில் உதவி ஓட்டுநர் வேலைக்குப் போகிறவர் எழுத்துத் தேர்வோடு உளவியல் திறன் சோதனையிலும் தேறியாக வேண்டும். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியங்களிலும் உளவியலாளர் ஒருவர் இருக்கிறார்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியபோது லட்சக்கணக்கான சிப்பாய்களை வகை பிரிக்க இரண்டு சோதனைகள் தயாரித்தார்கள். ஒன்று படிக்கத் தெரிந்தவர்களுக்கு. மற்றொன்று ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆனது. வட மாநிலத்திலிருந்து வந்து நம் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் தம்பிகளுக்கு நாம் தமிழில் கத்திச் சொல்லிவிட்டு, ‘இவனுக்கு ஒன்றும் புரியவில்லை’ என்று முடிவு கட்டுகிறோமே, அந்த இடத்தில் இந்தச் செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். மொழி தெரியாமை வேறு, திறமையின்மை வேறு.

இங்கிலாந்தில் 1921இல் தொழில் உளவியலுக்கென்று ஒரு தேசிய நிலையம் லண்டனில் தொடங்கப்பட்டது. தொடங்கிய இருவரில் ஒருவர் சார்லஸ் மையர்ஸ் என்ற உளவியலாளர். மற்றவர் ஹென்றி வெல்ச் என்ற வணிகர். இந்தப் படிப்பை வளர்த்ததில் வியாபாரிக்கும் பங்கு உண்டு என்பதற்காகவே இதை எடுத்துச் சொல்கிறோம்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மூன்ஸ்டர்பெர்க்கிடம் ஹார்வர்டில் படித்த நரேந்திரநாத் சென்குப்தா என்பவர்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916 வாக்கில் உளவியல் துறையைத் தொடங்கி நடத்தினார். மைசூரில் 1924இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை ஏற்பட்டது. ஆக, நம் பிள்ளைகள் கேட்பது நேற்று முளைத்த படிப்பு அல்ல.

கடைக்குப் பொருந்துமா?

‘தொழிற்சாலைக்குச் சரி, கடைக்கு எதற்கு?’ என்பார்கள். லில்லியன் கில்பிரெத் என்ற அம்மையாரைப் பற்றிச் சொன்னால் பதில் கிடைக்கும். 1915இல் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1924இல் கணவர் திடீரென்று இறந்தபின், பதினொரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தொழில் ஆலோசகராக வேலை செய்தார். அவர் ஆலோசனை சொன்ன இடங்களில் ஒன்று நியூயார்க்கின் பெரிய அங்காடியான மேசீஸ். விளக்கு வெளிச்சத்தால் பணியாளர் கண் களைத்துப் போவதைக் கண்டு அதை மாற்றினார். விற்பனைச் சீட்டை இரண்டு இடத்தில் எழுதும் வீண்வேலையை நீக்கினார். இன்றும் நம் கடைகளில் ஒரே சரக்கைச் சிட்டையில் ஒரு தடவையும், கம்ப்யூட்டரில் ஒரு தடவையும், கிட்டங்கி நோட்டில் ஒரு தடவையும் எழுதுகிறோம். பிழை வந்தால் பையனைத் திட்டுகிறோம்.

இனி, நம் கடைக்கு நேராகப் பயன்படும் நான்கு விஷயங்களைச் சொல்வோம்.

ஒன்று, ஆள் எடுப்பது. நாம் எப்படி எடுக்கிறோம்? தெரிந்தவர் சொன்னார், முகத்தைப் பார்த்தோம், ‘எத்தனை வருஷ அனுபவம்?’ என்று கேட்டோம், நாளை வா என்றோம். சிலர் கையெழுத்தை வைத்தே குணம் சொல்லிவிடுவார்கள். பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இருவர், எண்பத்தைந்து ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கையெழுத்தைப் பார்த்துச் சொல்வது அநேகமாக ஒன்றுக்கும் உதவாது என்று அதில் கண்டார்கள். 2022இல் பால் சாக்கெட் என்பவரும் அவர் குழுவினரும் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதிலுக்கு முன்பே வகுத்த மதிப்பெண் போடும் நேர்காணல்தான் அதில் முதலிடத்தில் வந்தது. வேலை அறிவைச் சோதிப்பது அடுத்து வந்தது. வேலையைச் செய்து காட்டச் சொல்வதும் நல்ல இடத்தில் இருந்தது. வெறும் வருஷக் கணக்கு ஏறக்குறைய கடைசியில் நின்றது. இதற்குச் செலவு என்ன? ஒரு தாளில் பத்துக் கேள்வி. பில் போட வருகிறவரிடம் பத்துச் சரக்கைக் கொடுத்துப் பில் போடச் சொல்வது. அவ்வளவே.

இரண்டு, களைப்பு. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் களைப்பைப் பற்றி ஆராய்ந்தார்கள். 1918இல் அதற்கென்று ஒரு வாரியமே அமைந்தது. வேலை நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் உற்பத்தி அதே அளவில் ஏறாது, விபத்தும் பிழையும்தான் ஏறும் என்பது அந்த ஆராய்ச்சிகள் சொன்ன பாடம். கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தர வேண்டும் என்று பிரிட்டனில் 1899இலேயே சட்டம் வந்தது. அது பெண்களுக்கு மட்டுமானது. கேரளத்தில் 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை வசதி கொடுத்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். நம்மில் சிலர் அதை வேண்டாத கெடுபிடி என்று முணுமுணுத்தோம். ஸ்டூல் வாங்கி வைத்துவிட்டு, ‘முதலாளி பார்க்கும்போது உட்காராதே’ என்று கண்ஜாடை காட்டும் கடைகளும் இருக்கின்றன. ஜவுளிக்கடையில் காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கும் பெண் இரவு எட்டு மணிக்கு வரும் வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரித்த முகத்தோடு பேசுவாள்? அந்த எட்டு மணி வியாபாரம் யாருடையது? நம்முடையது.

மூன்று, நியாயம். இதுதான் நமக்கு மிக முக்கியம் என்று கருதுகிறோம். கடையில் சில்லறைத் திருட்டு நடந்தால் நாம் காமிரா வைக்கிறோம். 1990இல் ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே நிறுவனத்தின் ஆலைகளில் தற்காலிகமாகச் சம்பளத்தை 15 சதவீதம் குறைக்க வேண்டிவந்தது. ஓர் ஆலையில் நிர்வாகத்தார் நேரில் வந்து, ஏன் குறைக்கிறோம், எவ்வளவு நாள், வேறு வழி ஏன் இல்லை என்று வருத்தத்தோடும் விவரமாகவும் சொன்னார்கள். மற்றோர் ஆலையில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டிலும் குறைத்தது ஒரே தொகைதான். ஆனால் காரணம் சரியாகச் சொல்லாத ஆலையில்தான் பொருள் திருட்டு மிக அதிகமாயிற்று. விவரமாகச் சொன்ன இடத்தில் அந்த அளவுக்கு ஆகவில்லை.

இதைப் படித்தபோது 2020இல் கொரோனா ஊரடங்குக் காலத்தை நினைத்துக்கொண்டோம். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்த கடைகள் பல. உட்கார வைத்துக் கணக்கைக் காட்டி, ‘இதுதான் நிலைமை, கடை திறந்ததும் பார்ப்போம்’ என்று சொன்ன முதலாளிகளிடம் ஆட்கள் திரும்பி வந்தார்கள். போனை எடுக்காமலே இருந்தவர்களிடம் வரவில்லை. நம் கடைவீதியில் நாம் கண்ணால் பார்த்ததும், அமெரிக்க ஆலையில் அவர் அளந்து பார்த்ததும் ஒன்றுதான்.

நான்கு, கூட்டம். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் உலகப் பிரசித்தம். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதில் ஆரம்பித்து, 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் பேசிக் குறிப்பெடுப்பதுவரை போனது. கடைசிக் கட்டத்தில் 14 ஆண்கள் வேலை செய்த ஓர் அறையைக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி உண்டு. ஆனாலும் அவர்கள் தங்களுக்குள் ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் செய்யவில்லை. மிஞ்சிச் செய்தவனைக் கேலி செய்து அடக்கினார்கள். ஹாதார்ன் ஆய்வுகளின் முடிவுகளைப் பிற்கால அறிஞர்கள் பலவிதமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதையும் இந்தப் படிப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். ஆனால் நம் சுமைதூக்கும் தொழிலாளர் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் அந்த 14 பேரின் கதை புதிதாக இருக்காது. கூலியை ஏற்றினால் மட்டும் வேகம் ஏறாது. கூட்டத்தின் நம்பிக்கையைப் பெற வேண்டும்.

ஆமதாபாத் காட்டிய வழி

இப்போது நம் சங்கத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு செய்திக்கு வருவோம். ஆமதாபாத் துணி ஆலைக்காரர்களுக்காக ஓர் ஆராய்ச்சிச் சங்கம் 1947இல் தோன்றியது. அதன் தொடக்ககாலத் தலைவர், பிற்பாடு விண்வெளி ஆராய்ச்சியில் புகழ்பெற்ற விக்ரம் சாராபாய். நூலையும் பஞ்சையும் ஆராய்வதற்கென்று ஏற்பட்ட அந்தச் சங்கத்தில் மனித உறவுகளுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். அதை நடத்தியவர் கமலா சௌத்ரி என்ற பெண்மணி; அமெரிக்காவில் சமூக உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1961இல் ஆமதாபாத் மேலாண்மைக் கழகம் தொடங்கியபோது அதன் தொடக்ககால ஆசிரியராகவும் இருந்தார்.

1953இல் லண்டனின் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்பவர் ஆமதாபாத் காலிகோ ஆலைக்கு வந்தார். புதிய தானியங்கித் தறிகள் வாங்கியும் எதிர்பார்த்த உற்பத்தி இல்லை. ஒருவர் நூல் முடிச்சுப் போடுவார், ஒருவர் எண்ணெய் விடுவார், ஒருவர் கூட்டுவார். ஆளுக்கொரு துண்டு வேலை. எந்தத் தறிக்கும் யாரும் முழுப் பொறுப்பில்லை. ரைஸ் அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பிட்ட தறிகளை ஒப்படைக்கலாம் என்று யோசனை சொன்னார். தொழிலாளர்கள் தாங்களே கூடிப் பேசிக் குழு அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தாலும் பின்னர் உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. தறியும் அதே தறி, ஆளும் அதே ஆள். வேலையைப் பங்கிட்ட விதம்தான் மாறியது.

தனித்தனி முதலாளியால் உளவியலாளரை வைத்துக்கொள்ள முடியாதபோது சங்கமாகச் சேர்ந்தால் முடியும் என்பது நமக்கு அதில் கிடைக்கும் பாடம்.

நம்மவர் சொல்லும் ஆட்சேபங்கள்

‘நாற்பது வருஷ அனுபவம் சொல்லாததையா இரண்டு வருஷப் படிப்பு சொல்லிவிடும்?’ என்பது முதல் ஆட்சேபம். நாமும் அனுபவத்தில் வளர்ந்தவர்கள்தான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் நம் அனுபவம் நம் ஒரு கடையின் அனுபவம். நிலைத்து நின்ற நல்ல ஆட்களை நினைவில் வைத்துக்கொள்கிறோம். நாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவன் வேறு கடையில் எவ்வளவு நன்றாக வேலை செய்தான் என்று நம் கணக்கில் எழுதுவதே இல்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேடு எப்படி இருக்கும்? விட்டுப்போன அந்தப் பக்கத்தை எழுதக் கற்றுத்தருவதுதான் படிப்பு.

‘வேலை கிடைக்குமா?’ என்பது இரண்டாவது. நேர்மையாகச் சொல்வோம். எடுத்த எடுப்பில் பெரிய சம்பளம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். பல நிறுவனங்களில் ஆள் பிரிவு வேலைக்கு எம்.பி.ஏ. படித்தவர்களோடு இவர்கள் போட்டி போட வேண்டியிருக்கும். ஆனால் ஆள் தேர்வு, பயிற்சி, தொழிலாளர் நலன், ஆலோசனை என்று வழிகள் உண்டு. புள்ளியியலை ஒழுங்காகக் கற்றவருக்கு அது எங்கும் கைகொடுக்கும்.

‘இது தொழிலாளியை ஏமாற்றி வேலை வாங்கும் வித்தைதானே?’ என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கத்தி காய் நறுக்கவும் செய்யும், கையை வெட்டவும் செய்யும். சோதனைத்தாளில் ஒருவர் எழுதியதை நாலு பேரிடம் சொல்வதும், மனம் விட்டுப் பேசியதை வைத்து வேலையை விட்டு நீக்குவதும் இந்தப் படிப்பின் ஒழுக்க விதிகளுக்கு விரோதம். முதலாளி கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உளவியலாளர்தான் நமக்கு வேண்டும். அப்படிச் சொல்பவரிடம்தான் தொழிலாளி உண்மையைச் சொல்வான்.

கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத ஓர் ஆட்சேபம் இருக்கிறது. இந்தப் படிப்பைக் கேட்பவர்கள், நமக்குத் தெரிந்தவரை, பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ‘பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு?’ என்பதுதான் அந்த ஆட்சேபம். மகனைக் கட்டாயப்படுத்திக் கல்லாவில் உட்கார வைக்கிறோம், அவனுக்குப் பிடிக்கவில்லை. மகள் கடை ஆட்களைப் பற்றி அக்கறையோடு கேட்கிறாள், அவளைப் படிக்க விடுவதில்லை. எந்த வியாபாரியும் விலை போகும் சரக்கைக் கிட்டங்கியில் பூட்டிவைத்துவிட்டு, விலை போகாததைக் கடை வாசலில் பரப்ப மாட்டான். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் செய்கிறோம்?

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கைகளுக்கும் இரண்டு வார்த்தை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். புள்ளியியல் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி எத்தனை வாரம், ஆய்வேடு உண்டா என்று கேளுங்கள். முன்பு அஞ்சல் வழியில் இதைப் படித்தவர்கள் உண்டு. 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் பாடங்களைத் தொலைதூர வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்துவிட்டது. ஆகவே வீட்டிலிருந்தே பட்டம் என்று விளம்பரம் பார்த்தால் பணம் கட்டுவதற்கு முன் நன்றாக விசாரியுங்கள்.

இன்னொன்று. அமெரிக்கப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம் கடையில் ஒட்டாதீர்கள். அங்கே தயாரான கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. நம் ஊர் ஆட்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். முத்திரை வைக்காத தராசில் எடை போட்டால் அபராதம் என்பது வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சங்கம் செய்யக் கூடியவை

பேசிவிட்டுக் கலைந்துபோகாமல் இருக்க, பொதுக்குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, பக்கத்திலுள்ள பல்கலைக்கழக, கல்லூரி உளவியல் துறைகளுக்கு நம் சங்கம் கடிதம் எழுத வேண்டும். முதுகலை மாணவர்கள் பயிற்சிக்குப் பெரிய ஆலைகளையும் சாப்ட்வேர் கம்பெனிகளையும்தான் தேடிப் போகிறார்கள். ‘எங்கள் கடைவீதிக்கும் வாருங்கள், பத்துக் கடைகள் திறந்துவிடுகிறோம்’ என்று நாம் அழைக்க வேண்டும். மதியச் சாப்பாடும் பஸ் செலவும் நம் பொறுப்பு.

இரண்டாவது, ஆள் எடுக்கும்போது கேட்க வேண்டிய பொதுவான கேள்விகள், செய்து காட்டச் சொல்ல வேண்டிய வேலைகள் ஆகியவற்றை மளிகை, ஜவுளி, இரும்பு, மருந்து என்று துறைவாரியாகத் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். அந்த மாணவர்களின் உதவியோடே இதைச் செய்யலாம்.

மூன்றாவது, ஓராண்டு சோதனையாக, இந்தப் படிப்பு முடித்த ஒருவரைச் சங்கத்தின் பெயரில் வேலைக்கு அமர்த்த வேண்டும். நாலு சிப்பந்தி உள்ள கடைக்குத் தனியாக ஓர் உளவியலாளர் தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. நூறு கடைகள் சேர்ந்தால் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய பாரமல்ல. சிப்பந்திகள் தங்கள் குறையை முதலாளிக்குப் பயப்படாமல் சொல்ல ஓர் இடமும் கிடைக்கும். ஓராண்டு முடிவில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், அதற்கு முந்தைய ஆண்டு எத்தனை பேர் என்று கணக்கெடுத்துப் பார்ப்போம். பலன் இல்லை என்றால் கணக்கே சொல்லிவிடும், நிறுத்திவிடலாம்.

கூட்டாகச் செலவு செய்வது நம் சமூகங்களுக்குப் புதிய பழக்கமா என்ன? விருதுநகரில் வியாபாரிகள் மகமை வசூலித்தும், வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்தான் பெருந்தலைவர் காமராஜர். மகமை கொடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமக்குத் தெரியாத படிப்பு பிறர் பிள்ளைக்கு வேண்டும் என்று மூட்டைக்கு இத்தனை காசு என்று எடுத்து வைத்தார்கள். நாமோ நம் சொந்தப் பிள்ளை கேட்கும் படிப்புக்கு யோசிக்கிறோம்.

வருகிற கல்வியாண்டுக்கு விண்ணப்பம் வாங்கும் காலம் வந்துவிடும். வீட்டில் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால், முதலில் உட்கார வைத்து, ஏன் கேட்கிறாய் என்று விசாரியுங்கள். அது சொல்லும் பதிலில் நம் கடைச் சிப்பந்தி ஏன் நிற்கவில்லை என்பதற்கும் ஏதாவது விடை இருக்கலாம். மேற்சொன்ன யோசனைகளைப் பற்றி உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டும் என்றும், அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நிர்வாகிகளைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.